பேச்சி வாங்கிய பஞ்சிங் மிஷின்

பேச்சி ஜெயித்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடலாம். தோற்றதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு.

பதினெட்டு வயதில் மட்டாஞ்சேரியில் வந்து இறங்கியபோது மலையாளத்தில் ஒரு சொல் தெரியாது. ஆறே மாதத்தில் மீன்காரியிடம் சண்டை போட்டு அதில் ஜெயிக்கும் அளவுக்குப் படித்துக்கொண்டாள். படகு வேலைக்குப் போன புருஷன் மங்களூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பாமலே போனான். தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குப் போனாள். இடுப்பில் இருந்த மகள் மகாவைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்து, திருப்பூணித்துறையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்த்து, அங்கேயே நல்ல இடத்தில் கட்டியும் கொடுத்தாள். 'பாண்டிக்காரிக்கு இங்கே ரேஷன் கார்டு கிடையாது' என்ற பேச்சை ஏழு தடவை கேட்டுவிட்டு எட்டாவது தடவை கார்டோடு வந்தாள். அவள் குடியிருக்கும் சந்தில் ஒன்பது வீட்டுக்கு ஒரே குழாய். வீட்டுக்காரர் அதைப் பூட்டியபோது, அவர் மகள் கல்யாணப் பந்தலில் காலிக் குடத்தோடு போய் விருந்தாளிகள் வரிசையில் நின்றாள். அன்று சாயங்காலமே பூட்டு திறந்தது. டெங்குவில் பதினாறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து எழுந்தாள். வேலை செய்யும் ஷெட்டில் பெண்கள் கக்கூசுக்கு நாலு வருஷம் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது. சொந்தத் தாழ்ப்பாளும் திருப்புளியும் கொண்டுபோய்த் தானே மாட்டினாள்.

இத்தனையையும் எழுத்து என்று ஒன்று தெரியாமல் ஜெயித்தாள். எந்தக் காகிதமானாலும் இடது பெருவிரல்தான். அவளுக்கு நாலு வயது மூத்த அண்ணன் பிச்சைமணி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வீட்டில் ஒரு சிலேட்டுதான் என்றால் அது மூத்தவனுக்குப் போகும். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, அப்படித்தான் நடக்கும். பிச்சைமணி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கைவண்டி இழுக்கிறான். மிளகு மூட்டை, சுக்கு மூட்டை, இப்போது பெரும்பாலும் மூடிப்போன கம்பெனிகளின் மேசை நாற்காலி.

பேச்சிக்கு இறால் உரிக்கும் வேலை. தோப்பும்படிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு ஷெட். 2000-ஆம் வருஷம் சேர்ந்தாள். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை நாலு மணி வரை ஐஸ் தண்ணீரிலும் குளோரின் தண்ணீரிலும் கை இருக்கும். இடது கையில் இறாலைப் பிடித்து வலது பெருவிரல் நகத்தால் ஓட்டைக் கழற்ற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் இறால் என்று யாரும் எண்ணியதில்லை, எடைதான் கணக்கு. எடைக்குத் தக்க கூலி. அந்த ஷெட்டில் எடையில் முதல் மூன்று பேருக்குள் பேச்சி இல்லாத நாள் அபூர்வம். இருபத்திரண்டு வருஷத்தில் கான்ட்ராக்டர் நாலு தடவை மாறினான். ஒவ்வொருவன் மாறும்போதும் அவள் அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவளாக நோட்டில் ஏறினாள்.

2022 மார்ச் மாதக் கடைசியில் சூப்பர்வைசர் ரமேஷ்பாபு எல்லாப் பெண்களையும் ஐஸ் அறைக்கு வெளியே நிறுத்தி வைத்துச் சொன்னான். அவன் மலையாளி; தமிழ்ப் பெண்களிடம் இரண்டையும் கலந்து பேசுவான்.

"ஏப்ரல் ஒண்ணு முதல் பஞ்சிங் மிஷின். அடுத்த மார்ச் முப்பத்தொண்ணு வரை, மிஷின்ல இருநூத்தி நாப்பது நாள் ஆருக்கு இருக்கோ, அவங்களைக் கம்பெனி ஸ்திரமாக்கும். பி.எஃப்., இன்ஷூரன்ஸ், எல்லாம் உண்டு. கான்ட்ராக்டர் இனி இல்லை."

பேச்சிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இன்னும் பத்து வருஷம் கை ஓடும். அதன் பிறகு மகள் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. இது ஒன்றுதான் அவள் கேட்டது. அதற்கு வழி முதல்முறையாகத் தெரிந்தது. ஒரு வருஷம் ஒழுங்காக வேலைக்குப் போனால் போதும். ஒழுங்காகப் போவது அவளுக்கு ஒரு விஷயமா?

மிஷின் என்பது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. எண்கள் உள்ள பொத்தான்கள், நாலு விரல் அகலத்துக்கு ஒரு திரை, கீழே பச்சை வெளிச்சம் அடிக்கும் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் விரலை வைத்தால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் 'தேங்க் யூ' என்று சொல்வாள். விரல் பிடிபடாவிட்டால் 'ப்ளீஸ் ட்ரை எகெய்ன்' என்பாள்.

பேச்சிக்கு அந்தப் பெண் 'ப்ளீஸ் ட்ரை எகெய்ன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பதினேழு தடவை. பெருவிரல், ஆள்காட்டி விரல், சேலையில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து, ஊதி, அழுத்தி, அழுத்தாமல். ஐஸும் குளோரினும் இறால் ஓடும் இருபத்திரண்டு வருஷமாக விரல் நுனியைத் தேய்த்துத் தேய்த்து ரேகை என்று ஒன்று இல்லாமல் ஆக்கியிருந்தன. பின்னால் வரிசை நீண்டது. சங்கரன்கோவில் பக்கத்து ஆவுடையம்மாள், பேச்சியோடு ஒரே மேசையில் உரிப்பவள், கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன சந்தனமா பூசுதெ அதுக்கு? தள்ளுளா, மணி ஏழு."

"அவளுக்கு என்னைப் பிடிக்கலைளா."

"கூட்டிட்டுப் போய்ச் சாயா வாங்கிக் குடு. பிடிக்கும்."

மற்றவர்களில் சிலருக்கும் விரல் இரண்டு மூன்று தடவை தவறும், பிறகு விழுந்துவிடும். அவர்களெல்லாம் வந்து ஐந்து வருஷம், எட்டு வருஷம் ஆனவர்கள். அதிக வருஷம் உரித்தவளுக்குத்தான் விரல் இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் பேச்சிக்குப் பதினொரு நாள்தான் மிஷினில் விழுந்தது. வேலைக்குப் போகாத நாள் ஒன்றும் இல்லை. எடை போட்டுக் கூலி கொடுத்துவிடுவார்கள், நாள்தான் ஏறாது.

"சார், நான் வந்தது உங்களுக்குத் தெரியாதா? ஒங்க முன்னாலதானே உரிக்கேன்."

"சேச்சி வந்தது எனக்குத் தெரியும். மிஷினுக்குத் தெரியணுமே."

"நம்பர் அடிச்சும் ஏத்தலாமாமே. மகா சொன்னா."

"நம்பர் கொடுத்தா ஒருத்தி பத்துப் பேருக்கு அடிப்பா. ஹெட் ஆபீஸ் சம்மதிக்காது."

ரேஷன் கடையில் விரல் விழாவிட்டால் மகாவின் ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும்; அதைச் சொன்னால் அரிசி கிடைக்கும். ஷெட்டில் அந்த வழியும் அடைபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிச்சைமணி வந்திருந்தபோது பேச்சி மிஷினைப் பற்றிச் சொன்னாள். சாம்பல் பெட்டி, பச்சை வெளிச்சம் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மூடிக்கு மேல வலது பக்கம் ஒரு கீறல் இருக்கா?"

"இருக்கு."

"அது ஒங்க கம்பெனி புதுசா வாங்கினதில்ல, ஏட்டி. பஜார் ரோட்டு ஏலக்கா கம்பெனி மூடினாம்லா, அங்க உள்ளது. நான்தான் வண்டியில ஏத்தினேன். கதவுக்கு உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. உள்ள போறதுக்குள்ள மிஷினை ஒங்க ஆளு வந்து பாண்டித்துரைகிட்ட வாங்கிட்டுப் போனான். வெளிய வாரதுக்குள்ளது கடையிலேயே கெடக்கு."

பாண்டித்துரை தென்காசிக்காரன். பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். இங்கே அதை ஆக்ரிக்கடை என்பார்கள். பத்து வருஷமாகப் பஜார் ரோட்டில் ஒவ்வொரு கம்பெனியாக மூட மூட, ஆபீஸ் சாமானெல்லாம் அவன் கடை வழியாகச் சந்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. நாலு இழுப்பறை உள்ள இரும்பு ஃபைல் பீரோவில் ஒருத்தி அரிசி, பருப்பு, மிளகாய், சேலை என்று வைத்திருக்கிறாள். ஃபேக்ஸ் மிஷினைச் சும்மா ஃபோனாக வைத்துப் பேசிய வீடு ஒன்று உண்டு. பிச்சைமணி வீட்டில் கடிதம் வைக்கும் இரண்டடுக்குக் கம்பித் தட்டு இருக்கிறது. மேல் தட்டில் மருந்து, கீழ்த் தட்டில் சவரச் சாமான். ஆபீஸ்காரனுக்கு ஆகாதது என்றால் வீட்டுக்காரனுக்கு ஏதோ ஒன்றுக்கு ஆகும். மட்டாஞ்சேரியில் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பஞ்சிங் மிஷினை வீட்டுக்கு வாங்கியவர் அதுவரை யாரும் இல்லை.

2022 மே 21, சனிக்கிழமை, வேலை முடிந்து ஐஸ் வாடையோடேயே பேச்சி கடைக்குப் போனாள். பாண்டித்துரை டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது ஆபீசு சாமான். வீட்டுக்கு எதுக்கு? வீட்டுல யாரு லீவு போடுதா?"

"நான் ஒருத்திதான். வந்தியா போனியான்னு கேக்க ஆளில்ல. இதாவது கேக்கட்டும்."

"வேலை செய்யுமான்னு நான் சொல்ல மாட்டேன். பெறகு வந்து சண்டை போடப்படாது."

"அது உள்ள போற மிஷினோட கூடப்பிறந்ததுதான?"

"ஒரே பெட்டியில வந்ததுக."

"அப்ப அது போதும். கட்டு."

அவள் கணக்கு இதுதான். தெரு நாய் முதல் நாள் குரைக்கும், பத்தாம் நாள் வாலாட்டும். ஷெட்டில் ஒரு நிமிஷத்துக்கு மேல் மிஷின் முன்னால் நிற்க முடியாது. பின்னால் நாற்பது பேர். இங்கே யாரும் தள்ளச் சொல்ல மாட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று பழகிவிட்டால் மற்றதும் பழகிவிடும். பிச்சைமணி இதைக் கேட்டு, "மிஷினுக்கு ஏதுட்டி அண்ணன் தங்கச்சி?" என்றான். "மனுசனுக்கு மட்டும் இருக்கோ?" என்றாள். அவன் சுத்தியலை எடுத்தான். ஒரு கட்டை வைத்து ஆணியடித்து, அடுப்புக்கு நேர் எதிர்ச் சுவரில் அளவெடுத்து, ஷெட்டில் உள்ள அதே உயரத்தில் மாட்டிக் கொடுத்தான்.

உயிர் கொடுத்தது நிகில். பனையப்பள்ளியில் கேமரா மாட்டும் கடை வைத்திருப்பவன். வயிறு முன்னால் வந்துதான் ஆள் பின்னால் வருவான். ஒயரைக் குத்தினான், திரை எரிந்தது. உள்ளே பழைய ஏலக்காய் கம்பெனி ஆட்கள் முப்பத்தொரு பேர் அப்படியே இருந்தார்கள்.

"சேச்சி, இவங்களை எல்லாம் டிலீட் செய்யட்டே?"

"வேலையும் போயி இதுலயும் போகணுமா? கெடக்கட்டும். நான் முப்பத்திரெண்டாவது நிக்கேன்."

நிகில் சிரித்தான். அந்த மிஷினுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. இங்கிலீஷில் அவள் பேரை அடித்தான். ஐந்து எழுத்து. எந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினால் புது விரலை ஏற்றலாம் என்று ஒருமுறை காட்டினான். ஒருமுறை போதுமானதாக இருந்தது. பொத்தான்களை அவள் எழுத்தாகப் பார்க்கவில்லை. மேல் வரிசை ஓரம் ஒன்று, நடுவில் இரண்டு, கீழே ஒன்று என்று அம்மிக்கல்லில் கை போவதுபோலக் கை அங்கே அங்கே போயிற்று.

ஒரு குறை, அதில் தேதி தங்காது. கரண்ட் போய் வந்தால் திரையில் 2000 ஜனவரி ஒன்று என்று வந்து நிற்கும். உள்ளே ஒரு பேட்டரி செத்துவிட்டது, அது இப்போது கிடைப்பதில்லை என்றான் நிகில். "நான் ஷெட்டுல சேந்த வருசம்லா அது" என்றாள் பேச்சி. "அதுக்கு ஞாபகம் இருக்கு. கம்பெனிக்குத்தான் இல்ல."

பிறகு பன்னிரண்டு நாள். மாலை வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு மிஷின் முன்னால் நிற்பாள். ஒவ்வொரு விரலையும் ஐந்து விதமாக. ஈரமாக, காய்ந்து, எண்ணெய் தொட்டு, மாவு தொட்டு, வெந்நீரில் ஊறவைத்து. நேராக, சாய்த்து. பிச்சைமணி ஸ்டூலில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, விழுந்ததற்கு ஒரு கோடு, விழாததற்கு ஒரு வட்டம் போடுவான். முதல் நாலு நாள் தாள் முழுக்க வட்டம். பக்கத்து வீட்டில் 'ப்ளீஸ் ட்ரை எகெய்ன்' என்பதைக் குழந்தைகள் பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டன.

ஜூன் 2-ஆம் தேதி கண்டுபிடித்தாள். இடது கை மோதிர விரல். உரிக்கும்போது இடது கையின் மற்ற விரல்களெல்லாம் ஓட்டோடு உரசும். மோதிர விரல் மட்டும் அடியில் சும்மா முட்டுக் கொடுக்கும். அதில் ஓரத்தில், பெருவிரலைப் பார்த்த பக்கம், அரிசி அளவுக்கு ரேகை மிச்சம் இருந்தது. தேங்காயெண்ணெய் ஒரு பொட்டு தொட்டு, பழைய பேப்பரில் துடைத்து, கொஞ்சம் சாய்த்து வைத்தால், பத்துக்கு ஒன்பது தடவை 'தேங்க் யூ'.

ஜூன் 6, திங்கட்கிழமை, ரமேஷ்பாபுவைப் பிடித்துக் கெஞ்சி, ஷெட் மிஷினில் அந்த விரலை ஏற்றச் சொன்னாள். ஏறியது. மறுநாள் காலை வரிசையில் அவள் முறை வந்து, ஒரே தடவையில் 'தேங்க் யூ' என்றதும் பின்னால் இருந்த ஆவுடையம்மாள் சொன்னாள்:

"சாயா வாங்கிக் குடுத்துட்டாபோல."

பன்னிரண்டு நாள் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிவிட்டாள் என்றுதான் பிச்சைமணி எல்லாரிடமும் சொன்னான். பஜார் ரோட்டில் இரண்டு பேரிடம் சொல்ல வேண்டியதை இருபது பேரிடம் சொன்னான். அந்தப் பெருமையில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டான். பேச்சியும் விட்டாள்.

அரிசி அளவு ரேகை. அதுவும் தேய்ந்துவிட்டால்?

ஜூலையில் மூன்று நாள் தொடர்ந்து மிஷின் இரண்டு தடவை தடுத்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. டிராலிங் தடையால் கடலில் படகு இல்லாத மாதம் அது. ஆந்திராவிலிருந்து லாரியில் வளர்ப்பு இறால் வந்துகொண்டிருந்தது. அதன் ஓடு கனம். மோதிர விரலும் உரசியது. அவள் விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு போனாள். ரமேஷ்பாபு வாசலிலேயே நிறுத்தினான். விரலில் கட்டு இருந்தால் புண் இருப்பதாக அர்த்தம். புண் உள்ளவரை உள்ளே விட்டால் சரக்கைக் கப்பலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். எல்லாரும் பத்து விரலையும் வெறுமையாக நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உறை போட முடியாது. விரலை வேலையிலிருந்து விலக்கி வைக்கத்தான் முடியும். அன்றிலிருந்து பேச்சி ஒன்பது விரலால் உரிக்க ஆரம்பித்தாள். இடது மோதிர விரலைத் தண்ணீர் படாமல், ஓடு படாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முட்டு இல்லாததால் இறால் வழுக்கியது. நழுவியதை மறுபடி எடுக்க வேண்டும். வீட்டிலும் அந்த விரலுக்குப் பாத்திரம் இல்லை, துணி இல்லை, அம்மி இல்லை. ராத்திரி எண்ணெய் தடவி ஒரு துணி சுற்றிவிட்டுப் படுத்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் அவ்வளவு செய்ததில்லை.

மேசையில் சிரிப்புக்குக் குறைவில்லை.

"ஏளா, அந்த வெரலுக்கு மட்டும் பூச்சூட்டா?"

"அது வேலைக்கு வாரதில்லம்மா. கையெழுத்துப் போட மட்டும் வாரது. ஆபீசர் வெரலு."

பேச்சியும் சிரித்தாள். அவளுக்குக் கணக்கு நாள் கணக்கு. பதினொன்றும் நாற்பதும் ஐம்பத்தொன்று என்று பிச்சைமணி காலண்டரில் கூட்டிக்கொண்டே வந்தான். தினம் சாயங்காலம் விரலுக்கு உடம்பு எப்படி என்று பார்க்க, வீட்டு மிஷினில் ஒரு தடவை வைப்பாள். திரையில் அவள் பேர் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். சோறு கொதிக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் எழுத்து ஒரு கம்பும் அதன் தலையில் ஒரு வட்டமும். இரண்டாவது மூன்று பல் உள்ள சீப்பு. மூன்றாவது பிறை. நாலாவது ஒரே படி உள்ள ஏணி. கடைசி வெறும் கம்பு. காலண்டர் ஓரத்தில் அதே புள்ளிகளை அவள் குத்திப் பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. முன்பு மகா ஒருமுறை பேர் எழுதப் பழகச் சொன்னபோது, "எனக்கெதுக்கு, எங்கிட்ட வெரலு இருக்கே" என்று சொன்னவள்தான்.

எடைப் பட்டியலைத் தினமும் ஷெட் சுவரில் ஒட்டுவார்கள். பேச்சிக்கு எழுத்துத் தெரியாது, இடம் தெரியும். முதல் மூன்று வரிக்குள் இருந்த அவள் பேர் ஓணத்துக்கு நடுவில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு அடியில் போய் நின்றது. கூலியும் அதோடு இறங்கியது. சாயாவைக் குறைத்தாள், திருப்பூணித்துறைக்குப் போவதைக் குறைத்தாள். ஜனவரியில் ஒருநாள் ரமேஷ்பாபு சொன்னான்:

"சேச்சி, வெயிட் வல்லாதே, ரொம்பக் குறையுது."

"நீங்க கேட்டது வெயிட்டா, நாளா சார்?"

"நாள்தான் பறஞ்ஞது."

"நாளு வருதுலா?"

"வருது."

அவன் எடைத் தராசுப் பக்கம் போய்விட்டான். பிச்சைமணியிடம் இதைச் சொன்னாள். அவன் அந்தக் காலண்டரைத் தட்டிக் காட்டி, "சொன்ன சொல்லு மாறுவானா? இருநூத்தி நாப்பதுன்னு நாப்பது பொம்பளைக முன்னால சொல்லியிருக்கான்" என்றான். அவனுக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. காலண்டரில் கோடு போட்டவன் அவன்தானே.

இருநூற்று நாற்பதாவது நாள் 2023 மார்ச் 9, வியாழக்கிழமை விழுந்தது. ஜூன் முதல் அதுவரை அவள் எடுத்த லீவு மூன்று நாள்: இரண்டு நாள் காய்ச்சல், ஒரு நாள் மகாவுக்குப் பிரசவம். பேத்தியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். மார்ச் 9 அன்று மேசைக்காரிகள் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். மார்ச் முடியும்போது இருநூற்று ஐம்பத்தொன்பது.

ஏப்ரல் 3-ஆம் தேதி ஸ்திரமானவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். பதினெட்டுப் பேர். பேச்சி ஐந்து எழுத்தைத் தேடினாள். பட்டியல் இங்கிலீஷில்தான் இருந்தது, சீப்பும் பிறையும் ஏணியும் அடுத்தடுத்து ஒரு வரியிலும் இல்லை. சரியாகத் தெரியவில்லையோ என்று ஆவுடையம்மாளின் மகனுக்கு ஃபோட்டோ அனுப்பிக் கேட்டார்கள். ஆவுடையம்மாள் பேர் ஒன்பதாவது இருந்தது. பேச்சி பேர் இல்லை.

ரமேஷ்பாபு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாள் சேச்சிக்கு நிறைய உண்டு. வெயிட் இல்லை. ஹெட் ஆபீஸ் ரெண்டையும் பார்த்தாங்க. ஆவரேஜுக்குக் கீழே உள்ளவங்களை எடுக்கலை."

"வெயிட்டுன்னு நீங்க சொல்லலையே."

"பின்னே வச்ச கண்டிஷன்."

பேச்சி இடது கையைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினாள். "இந்த வெரலைத் தூக்கிப் பிடிச்சிட்டு உரிச்சது எதுக்கு? ஒங்க மிஷினுக்குத்தான. பத்து வெரலால உரிச்சிருந்தா எடை வந்திருக்கும், நாளு வந்திருக்காது. ஒம்பதால உரிச்சா நாளு வரும், எடை வராது. நான் எதைத்தான் செஞ்சிருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"விரலைத் தூக்கிப் பிடிக்கக் கம்பெனி பறஞ்ஞதில்லை, சேச்சி."

வெளியே வந்தபோது ஆவுடையம்மாள் குழாயடியில் நின்றிருந்தாள். வருஷம் முழுக்கக் கேலி செய்தவள் அவள். "நான் போய் ஒரு வார்த்தை சொல்லட்டா?" என்றாள்.

"ஒன் பேரையும் அடிச்சிருவான். சும்மா கெட."

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் ஒரு காகிதம் கொடுத்துவிட வேண்டுமாம். சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், கம்பெனி எனக்கு ஒன்றும் பாக்கியில்லை, இனி எதையும் கேட்க மாட்டேன் என்று. கொடுத்தால் கான்ட்ராக்டர் நடத்தும் பின்பக்க ஷெட்டில் மறுநாளே புது ஆளாகச் சேரலாம். கொடுக்காவிட்டால் கேட்டுக்கு உள்ளே வர முடியாது. பிச்சைமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலண்டர் தாள்கள் எல்லாவற்றையும் சுருட்டி ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு கூட வந்தான்.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அவன் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"போடாத ஏட்டி. யூனியன்ல போய்க் கேப்போம்."

"நாம எந்த யூனியன்ல இருக்கோம்ணே?"

"இல்ல… கேக்கலாம்லா."

"கேட்டு வாரதுக்குள்ள பத்து நாளாவும். பத்து நாளைக்கு உலை?"

அவன் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து மேசையில் விரித்தான். கோடுகள் நேராக, ஐந்தைந்தாகக் கட்டி, மாதக் கடைசியில் கூட்டுத்தொகையோடு இருந்தன. ரமேஷ்பாபு அதைப் பார்த்தான். "கணக்கு சரிதான், அண்ணாச்சி" என்றான். "மிஷின்லயும் இதே நம்பர்தான்." சொல்லிவிட்டு ஸ்டாம்ப் பேடை எடுத்துப் பேச்சியின் பக்கம் தள்ளினான்.

அவள் இடது பெருவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தாள். எடுத்தபோது கறுப்பாக ஒரு வட்டம். நடுவில் ஒரு கோடுகூட இல்லை. இன்னொரு தாளில் வைத்தாள். அதுவும் அப்படியே.

"இது ஹெட் ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க" என்றான் அவன். "இதில் ரேகையே இல்லையே. நாளைக்கு ஆரு வேணும்னாலும் என் விரல்னு சொல்லலாம். சேச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?"

பிச்சைமணி தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குள் பேச்சி மேசையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டாள். எப்படிப் பிடிப்பது என்று கொஞ்சம் யோசித்து, இறாலின் குடலைக் குத்தி எடுக்கும் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்தது புள்ளி. திரையில் இருந்த இடத்தில் இருந்த மாதிரியே ஒவ்வொன்றாகக் குத்தினாள். கம்பும் வட்டமும். சீப்பு. பிறை. மை கொட்டியது, துடைத்துக்கொண்டாள். ஏணி. கம்பு. மோதிர விரல் பழக்கத்தில் தூக்கியபடியே நின்றது. காகிதத்தை மடக்க ரமேஷ்பாபு கை நீட்டினான்.

"நில்லுங்க சார், ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்று சொல்லி அதையும் வைத்தாள்.

பிச்சைமணி சாட்சிக் கட்டத்தில் தன் பேரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் தேதியைப் போட்டான். வீட்டு மிஷின்போல 2000 என்று போட்டுவிடாமல், தன் ஃபோனைப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து: 2023 ஏப்ரல் 10, திங்கட்கிழமை.